சித்தன்னவாசல்: சுண்ணாம்பும் ஆசிரியனும்

1

சித்தன்னவாசல் ஓவியங்களை வரைந்தது யார் என்று புதுக்கோட்டைப் பக்கம் யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்ததோடு நிறுத்திக்கொண்டவர்கள் ‘மகேந்திரவர்ம பல்லவன்’ என்பார்கள். கூடுதலாகக் கொஞ்சம் வாசித்தவர்கள், ‘அது பழைய கதைங்க, பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலம்னு முடிவாயிருச்சு’ என்று திருத்துவார்கள். இரண்டு பதிலையும் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேள்வி வரைந்தவரைப் பற்றியது. வருகிற பதிலோ ஆண்டவரைப் பற்றியது. இந்த வழுக்கல் யாருக்கும் உறுத்துவதில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் போகும் சாலையில் சுமார் 16 கிலோமீட்டரில் அந்தக் குன்று. அதன் மேற்குச் சரிவில் குடைந்த சமணக் கோயிலுக்கு அறிவர் கோயில் என்று பெயர். உள்ளே ஒரு சிறு கருவறை, அதற்கு முன்னால் ஒரு மண்டபம், விதானத்தில் தாமரைக்குளம். குளத்தில் மீன், வாத்து, எருமை, யானை, பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். முகப்புத் தூண்களில் ஆடும் பெண்கள் இருவர்; இன்னொரு முகத்தில் மகுடம் தரித்த ஓர் ஆணும் அவனருகே ஒரு பெண்ணும். இந்த ஓவியங்களைப் பற்றி நூறாண்டுகளுக்கு மேலாக எழுதிவருகிறார்கள். எழுதியதில் பெரும்பகுதி ‘யாருடையது’ என்ற ஒரே கேள்வியைச் சுற்றி வருகிறது.

இந்தக் கேள்விக்கு மூன்று வகைச் சான்றுகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று பாணி: தூணின் வடிவம், கோட்டின் ஓட்டம் இவற்றைக் கொண்டு காலத்தைச் சொல்வது. இரண்டாவது எழுத்து: கல்வெட்டு. மூன்றாவது பொருள்: பூச்சும் நிறமும். மூன்றாவதைப் பற்றித் தமிழில் நாம் பேசியது மிகக் குறைவு. கலை வரலாறு என்றால் அழகைப் பற்றிய பேச்சு, வேதியியல் என்றால் ஆய்வுக்கூட சமாச்சாரம் என்று பிரித்துவைத்துவிட்டோம். இந்தப் பிரிவினை யாருக்குச் சாதகமாக முடிந்தது என்பதையே இங்கே பார்க்க விரும்புகிறேன்.

2

முதலில் மகேந்திரன் எப்படி உள்ளே வந்தான் என்பது. உள்ளூர் வரலாற்றாசிரியரான எஸ். ராதாகிருஷ்ண ஐயர் 1916-இல் வெளியிட்ட புதுக்கோட்டை சமஸ்தான வரலாற்றில் இந்த ஓவியங்களைக் குறிப்பிட்டார். அதைத் தொடர்ந்து சிற்ப நூல் அறிஞர் டி.ஏ. கோபிநாத ராவும், புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழூவோ துப்ரேயும் இங்கே கவனம் செலுத்தினார்கள். 1920 வாக்கில் ‘பல்லவ ஓவியம்’ என்ற பெயரோடு சித்தன்னவாசல் உலகத்துக்கு அறிமுகமாகிறது.

பல்லவ ஓவியம் என்று சொன்னதற்குக் காரணங்கள் இருந்தன. சதுரமும் எண்பட்டையுமாக அமைந்த தூண்கள் மகேந்திரனின் குடைவரைத் தூண்களை ஒத்திருந்தன. மகேந்திரனுக்குச் ‘சித்திரகாரப்புலி’ என்ற பட்டம் உண்டு. அவன் முதலில் சமணனாக இருந்து அப்பரால் சைவனானான் என்று பெரியபுராணத்தை வைத்துச் சொல்லப்பட்டது. ஆக, சமணனாக இருந்த நாளில் சித்திரம் தெரிந்த ஒரு ராஜா சமணக் கோயில் ஒன்றைக் குடைந்து வண்ணம் தீட்டியிருக்கிறான்! தூணில் மகுடத்தோடு நிற்பவன் யார்? மகேந்திரனேதான். கோயில் அவனுடையது, அதனால் ஓவியத்தில் இருப்பவன் அவன். ஓவியத்தில் இருப்பவன் அவன், அதனால் கோயில் அவனுடையது. இந்த வட்டத்துக்குள் ஒருமுறை நுழைந்தால் வெளியே வர வழியில்லை.

இதே பெயர் பக்கத்தூர் வரைக்கும் போனது. குடுமியான்மலைப் பாறையில் கிரந்த எழுத்தில் ஏழு ராகங்களுக்கான சுர வரிசைகளைப் பொறித்த கல்வெட்டு இருக்கிறது. இதைப் பண்டார்க்கர் ‘எபிகிராபியா இண்டிகா’ 12-ஆம் தொகுதியில் பதிப்பித்தார். உருத்திராச்சாரியரின் மாணாக்கனும் பரமமாகேசுவரனுமான ஓர் அரசன் செய்தது என்று அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறது. அரசனுக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாத இடத்தில் மகேந்திரனை உட்காரவைத்தார்கள். திருச்சி மலைக்கோட்டைக்குத் தெற்கே தன் பெயரைத் தெளிவாகப் பொறித்த ஒரு குடைவரையைக்கூட மகேந்திரன் விட்டுச் செல்லவில்லை என்பது அப்போது பெரிய தடையாகப் படவில்லை. பின்னாளில் இந்தப் பகுதிக் குடைவரைகளைப் பாண்டியர், முத்தரையர் பக்கம் நகர்த்திப் பேசியவர்கள் இதைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்கள்.

ஒரு பெயர் இப்படிக் காந்தம் மாதிரி எல்லாவற்றையும் இழுப்பது எதனால்? 1969-இல் மிஷெல் ஃபூக்கோ ‘ஆசிரியன் என்பது என்ன’ என்று கேட்டபோது, ஆசிரியன் என்பது ஓர் ஆளைக் காட்டிலும் ஒரு செயற்பாடு என்றார். சிதறிக் கிடக்கும் பிரதிகளை ஒரு பெயரின் கீழே சேர்ப்பது, சேராதவற்றை விலக்குவது, சேர்த்தவற்றுக்கு ஒரே மனசைக் கற்பிப்பது என்பதெல்லாம் அந்தச் செயற்பாட்டின் வேலைகள். மகேந்திரன் விஷயத்தில் நடந்தது இதுதான். ‘மத்தவிலாசப் பிரகசனம்’ எழுதிய ராஜா, மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை இவை எதுவும் இல்லாமல் கோயில் சமைத்ததாகக் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்ட ராஜா, இசை அறிந்த ராஜா, சித்திரம் எழுதிய ராஜா என்று எல்லாம் ஒருவனே. காலனிய வரலாற்றெழுத்துக்கும் அதையடுத்து வந்த தமிழ்ப் பெருமித எழுத்துக்கும் இப்படி ஒரு ‘கலைஞன்-அரசன்’ தேவைப்பட்டான்.

வேடிக்கை என்னவென்றால், மண்டகப்பட்டில் சுதையில்லாமல் கட்டியதாகச் சொன்னவன் தலையில், முழுக்க முழுக்கச் சுதையை நம்பி நிற்கும் ஒரு வேலையைக் கட்டிவிட்டோம். கல்லைக் குடைபவனுக்குப் பாறை போதும். ஓவியத்துக்குச் சுண்ணாம்பு வேண்டும், மணல் வேண்டும், சூளை வேண்டும், இதையெல்லாம் கலக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும்.

3

அறிவர் கோயிலின் முகப்பை ஒட்டிய பாறையில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, பாட்டாகவே பொறித்தது. அவனிபசேகரன் என்ற ஸ்ரீவல்லபன் ஆட்சியில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் கோயிலின் உள்மண்டபத்தைப் புதுக்கி, முன்னால் ஒரு முகமண்டபமும் எடுத்தார் என்பது அதன் சாரம். அவனிபசேகரன் என்பவன் 9-ஆம் நூற்றாண்டில் ஆண்ட பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன். 1940-களில், அப்போது புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் இருந்த கே.ஆர். ஸ்ரீனிவாசன் இந்தக் கல்வெட்டை ஓவியங்களின் காலத்தோடு பொருத்தி வாதிட்டார். உடனே தூணில் இருந்த மகுடதாரி மகேந்திரன் வேஷத்தைக் கலைத்துவிட்டு ஸ்ரீமாறனாக மாறினான். அருகில் நின்றவள் பாண்டிமாதேவியானாள். மூன்றாவதாகத் தெரியும் உருவம் இளங்கௌதமன் ஆயிற்று. சுவரில் ஒரு கோடுகூட மாறவில்லை.

காலக்கணிப்பில் இது பெரிய முன்னேற்றம். அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் சட்டகம் அப்படியே இருந்தது. பல்லவன் இருந்த நாற்காலியில் பாண்டியன் உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

கல்வெட்டில் இருக்கும் ‘ஆசிரியன்’ என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரோலான் பார்த் 1967-68-இல் எழுதிய ‘ஆசிரியனின் மரணம்’ தமிழ்ச் சிறுபத்திரிகைகளுக்குள் நுழைந்தபோது, ‘ஆத்தர்’ என்ற சொல்லுக்கு இணையாக நாம் எடுத்துக்கொண்ட சொல் ஆசிரியன். இளங்கௌதமனின் பட்டத்தில் இருக்கும் ஆசிரியன் வேறு ஆள். சமண மரபில் அவர் கற்பிப்பவர், சமயத் தலைவர், ஒரு குழுவுக்குப் பொறுப்பானவர். பிரதியைப் ‘படைத்தவர்’ என்ற பொருள் அதில் இல்லை. தன்னுடைய மனசிலிருந்து ஒன்றை உண்டாக்கி அதன்மேல் உரிமை கொண்டாடுகிற ஆசிரியன், ஐரோப்பாவில் அச்சும் பதிப்புரிமையும் சேர்ந்து செய்த உருவம். சித்தன்னவாசலில் அந்த உருவம் பிறக்கவே இல்லை. பிறக்காதவன் எப்படிச் சாவான்? எனவே, ‘ஆசிரியன் செத்துவிட்டான், இனி வாசகன்தான்’ என்ற முழக்கத்தை இங்கே அப்படியே கொண்டுவந்து இறக்குவதில் பயனில்லை. இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு வேலையில் யார் யாருடைய பெயர் பதிவாகிறது, யாருடையது பதிவாவதில்லை?

இதற்குத் தமிழ் இலக்கணமே ஒரு கருவி வைத்திருக்கிறது. செய்தான், செய்வித்தான். எடுத்தான், எடுப்பித்தான். தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கல்வெட்டு எழுதியவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் தன் கற்றளியைப் பற்றிப் பேசும்போது ‘எடுப்பிச்ச’ என்கிறான். ‘நான் கட்டவில்லை, கட்டவைத்தேன்’ என்று ராஜாவே ஒப்புக்கொள்கிறான். நாம்தான் அந்த ‘ப்பி’யைத் தூக்கியெறிந்துவிட்டு ‘ராஜராஜன் கட்டினான்’ என்கிறோம். அதே கோயிலில் குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. தச்சனின் பெயரைச் சொல்லக் கல்வெட்டு கூச்சப்படவில்லை, கூச்சம் நம்முடையது.

4

இனிப் பொருளுக்கு வரலாம். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் ஒரு வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கியது. அங்கே பணியாற்றிய எஸ். பரமசிவன் தஞ்சை, காஞ்சி, அஜந்தா, சித்தன்னவாசல் என்று சுவரோவியங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அவருடைய அணுகுமுறை கலை விமர்சகர்களுடையதிலிருந்து அடியோடு வேறு. ஏற்கெனவே உதிரும் நிலையில் உள்ள ஒரு துணுக்குப் பூச்சு. அதன் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்ப்பது. சுண்ணாம்பு எவ்வளவு, மணல் எவ்வளவு, மணலின் பருமன் என்ன என்று பிரிப்பது. நிறத்தைப் பிடித்துவைக்கப் பசையோ கோந்தோ எண்ணெயோ சேர்த்திருக்கிறார்களா என்று சோதிப்பது. ஓவியத்தை மேலிருந்து பார்க்காமல் பக்கவாட்டில் பார்ப்பது என்று இதைச் சொல்லலாம்.

பக்கவாட்டில் பார்த்தால் தெரிவது என்ன? சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் அதிலிருக்கும் கரியமில வாயு போய்விடும். தண்ணீர் விட்டு நீற்றினால் மாவாகும். சுவரில் பூசியபிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை மறுபடி இழுத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கல்லாகும். பூச்சு ஈரமாக இருக்கும்போதே நிறத்தை வைத்தால், கல்லாகிற சுண்ணாம்புக்குள் நிறம் சிக்கிக்கொள்ளும். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்களில் இந்த ஈரப்பூச்சு முறையைப் பரமசிவன் கண்டார். சித்தன்னவாசலில் வேலை வேறு மாதிரி. பூச்சைக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்பு நீரால் நனைத்து, சுண்ணாம்பையே பிணைப்பாகக் கொண்டு நிறம் தீட்டுகிற முறை. இதில் அவசரம் குறைவு. திருத்துவதற்கு இடம் உண்டு. ஆனால் நிறம் ஆழமாக இறங்காது. கடினமான பாறைமேல் மில்லிமீட்டர்க் கணக்கில் ஒட்டியிருக்கும் மெல்லிய பூச்சு அது. பாறை இடுக்கில் நீர் கசிந்தால் போதும், பெயர்ந்து விழும்.

சுண்ணாம்பு காரமான பொருள். தாவரச் சாயங்கள் பலவற்றை அது தின்றுவிடும். எனவே தாங்கி நிற்கக்கூடிய நிறங்கள்தான் சுவரில் இடம்பெற முடியும்: காவிக்கல்லின் சிவப்பும் மஞ்சளும், கரியின் கருப்பு, சுண்ணாம்பின் வெள்ளை, பச்சை மண். இந்த ஓவியங்களின் அடங்கிய நிறத்தில் சமணத் துறவின் சாந்தத்தைக் காண்பவர்கள் உண்டு. அந்தச் சாந்தத்தில் பாதி சுண்ணாம்பு எடுத்த முடிவு. வரைந்தவரின் மனசுக்குள் போவதற்கு முன்னால் அவர் கையில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டாமா?

ராயவரம் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளின் சுவரைச் சரிசெய்யும் கொத்தனார் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். சித்தன்னவாசல் அவர் சின்ன வயசில் பார்த்த இடம். ‘அண்ணே, அந்தக் குளத்த ஒரு ஆளு எத்தன நாள்ல போட்டுருப்பாரு?’ என்று கேட்டேன். அவர் சிரித்தார். ‘ஒரு ஆளா? சுண்ணாம்ப நீத்தித் தண்ணிக்குள்ள ஊறப் போட்டு வைக்கணும் சார், எத்தன நாள் ஊறுதோ அத்தன நல்லது. சலிக்க ஆளு, அரைக்க ஆளு, பூச ஒருத்தரு, பின்னாடியே தேச்சு மழுப்ப இன்னொருத்தரு. பொம்பளையாளுக இல்லாம இந்த வேலையே கெடையாது. ஒரு ஆளு செவுருன்னு எதுவும் இல்ல சார்.’ ஓவியத்தைப் பற்றி நான் கேட்டேன், அவர் சுவரைப் பற்றிப் பதில் சொன்னார். பரமசிவனின் நுண்ணோக்கி காட்டுவதும் அந்தச் சுவரைத்தான்.

1930-களின் கடைசியிலும் 1940-களின் தொடக்கத்திலும் ஓவியங்களைச் சுத்தம் செய்து, சிதைந்த பகுதிகளுக்குப் பாதுகாப்புப் பூச்சு கொடுத்த பணியின்போது இன்னொன்றும் வெளிப்பட்டது. எல்லாம் ஒரே காலத்துப் பூச்சு இல்லை. பழைய அடுக்கு ஒன்று கீழே இருக்க, அதன்மேல் பிற்காலத்து அடுக்கு ஒன்று வந்திருக்கிறது. ‘புதுக்கி’ என்று கல்வெட்டு சொன்னதற்கு இப்படிச் சுவரிலேயே சாட்சி கிடைத்தது. மகேந்திரனா ஸ்ரீமாறனா என்ற வழக்கே இதனால் வேறு வழக்காகிவிடுகிறது. ஓவியம் ஒரு தேதியில் ஒருவரால் நிகழ்ந்த ஒன்றாக இருந்தால்தான் அந்தக் கேள்விக்கு ஒற்றைப் பதில் சாத்தியம். இங்கே இருப்பது அடுக்குகள். குடைந்தவர்கள், முதலில் பூசியவர்கள், பிறகு வந்து அதன்மேல் பூசியவர்கள்.

5

அறிவியலை நீதிபதியாக உட்காரவைப்பது என் நோக்கம் இல்லை. அப்படிச் செய்தால் ஒரு அதிகாரத்தின் இடத்தில் இன்னொன்று வரும். குறுக்குவெட்டு எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லும். எத்தனை ஆண்டு இடைவெளி என்று சொல்லாது. கால்சியம் கார்பனேட்டில் எந்த வம்சத்தின் முத்திரையும் கிடையாது. இன்று சுண்ணாம்புச் சாந்தைக் கதிரியக்கக் கார்பன் முறையால் காலம் கணிக்கிறார்கள்; பூச்சு இறுகும்போது காற்றிலிருந்து இழுத்த கார்பன்தான் அதற்கு ஆதாரம். ஆனால் சூளையில் சரியாக வேகாத கல் துண்டு உள்ளே கிடந்தால் கணக்கு பழையதாகக் காட்டும். பின்னாளில் நனைந்து மறுபடி இறுகியிருந்தால் புதியதாகக் காட்டும். சுண்ணாம்பு நீரால் நனைத்து நனைத்து வேலை செய்த சுவரில் இந்தச் சிக்கல் கூடும். அதாவது கல்வெட்டு யார் என்று சொல்கிறது. எந்த அங்குலம் அவருடையது என்று சொல்வதில்லை. பூச்சு என்ன வரிசை என்று சொல்கிறது. யார் என்று சொல்வதில்லை. இந்த இடைவெளியில்தான் வரலாற்றாசிரியர்கள் ராஜாவைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

இடைவெளியை இடைவெளியாகவே வைத்திருந்தால் என்ன தெரிகிறது? அதே குன்றின் கிழக்குப் பக்கம் ஏழடிப்பட்டத்தில் வழவழப்பாகச் செதுக்கிய பதினேழு படுக்கைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றருகே தமிழ்-பிராமி எழுத்தில், ஓவியத்துக்குப் பல நூற்றாண்டு முந்தைய கல்வெட்டு. எருமிநாட்டில் பிறந்த காவுடி ஈதன் என்ற துறவிக்காக இளையர் என்பவர் செய்த இருக்கை என்று அது தெரிவிக்கிறது. எந்த ராஜாவும் அதில் இல்லை. யாருக்கு, யார், என்ன என்ற மூன்றே செய்தி. ராஜா இல்லாமலே ஒரு கல்வெட்டு நிறைவாக இருக்க முடியும் என்பதற்கு இந்தக் குன்றிலேயே உதாரணம் இருக்கிறது.

மறுகோடிக்கும் போகலாம். இளங்கௌதமன் எடுத்த முகமண்டபம் எப்போதோ விழுந்துவிட்டது. இன்று கோயிலுக்கு முன்னால் நிற்கும் தூண்கள், சமஸ்தானத்தை நிர்வகித்த அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நட்டவை. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ‘பல்லவர் காலத் தூண்’ என்று ஒருவர் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஆசிரியன், ஒரே காலம் என்று நாம் கற்றுக்கொடுத்த வாசிப்பின்படி அவர் சரியாகத்தான் வாசிக்கிறார். டாட்டன்ஹாமின் தூண், பரமசிவனின் பாதுகாப்புப் பூச்சு, இளங்கௌதமன் புதுக்கிய மண்டபம், அதற்குக் கீழே உள்ள பழைய அடுக்கு, உளி பிடித்தவர்கள் குடைந்த பாறை, இவை எல்லாம் சேர்ந்துதான் சித்தன்னவாசல்.

6

வரைந்தவர்களின் பெயர் இல்லாததை நம் கலை எழுத்து ஒரு தத்துவமாக ஆக்கிவைத்திருக்கிறது. ‘இந்தியக் கலைஞன் தன்னை மறந்தவன், பெயர் பொறிக்க விரும்பாதவன்’ என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கல்வெட்டு என்பது பெரும்பாலும் கொடை ஆவணம். யார் செலவழித்தார், யார் பொறுப்பு, யாருக்குப் புண்ணியம் என்ற கணக்கு. கூலி வாங்கியவர்களின் பெயர் அந்தக் கணக்கில் வர வேண்டிய கட்டாயம் இல்லை. குஞ்சரமல்லன் போன்றோரின் பெயர் வந்த இடங்களைப் பார்த்தால், பெயர் பொறிப்பதில் கைவினைஞர்களுக்கு ஆன்மிகத் தடை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. பெயரின்மையைத் துறவு என்று புகழ்வது, சூளையில் வெந்தவர்களையும் சாந்து அரைத்த பெண்களையும் இரண்டாவது முறை அழிப்பதாகும்.

அவர்களின் பெயர்களை இனிக் கண்டுபிடிக்க முடியாது. கற்பனையாக ஒரு ‘மகா ஓவியனை’ உருவாக்கி அந்த நாற்காலியில் உட்காரவைப்பதும் பழைய விளையாட்டுதான். செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘யாருடைய ஓவியம்’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எந்தப் பூச்சு, எந்த வரிசையில், என்ன பொருளால், எத்தனை விதமான வேலையாட்களால் ஆனது என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குச் சுவரிடம் பதில் இருக்கிறது. அதைப் பெறக் கலை வரலாறு படித்தவரும் வேதியியல் படித்தவரும் பொறியியல் படித்தவரும் கல்வெட்டு வாசிப்பவரும் ஒரே துணுக்கைச் சுற்றி உட்கார வேண்டும். கொத்தனாரையும் கூப்பிட வேண்டும். சாந்தின் பக்குவம் பற்றி அந்தக் கூட்டத்தில் அனுபவத்திலிருந்து பேசக்கூடியவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அறிவர் கோயிலைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் இப்படி எழுதுவேன்: பெயர் தெரியாத பலர் குடைந்து, பூசி, தீட்டிய இந்தக் கோயிலின் உள்மண்டபத்தை, ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் ஆட்சியில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்தார். ராஜாவும் இதில் இருக்கிறார். எந்த ஆட்சியில் நடந்தது என்று தெரிய அவர் தேவை.